லீக் ஆகாத கேள்வித்தாள்

வாராசிகூடா, செகந்திராபாத்.
ஞாயிற்றுக்கிழமை, காலை டிபனுக்குப் பிறகு.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய சம்பந்தம் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் கிருஷ்ணபிரசாத் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே அப்பா நலம். பட்டான்செரு மருந்துக் கம்பெனியில் இந்த வாரமும் காலை ஷிப்ட் என்பதால் என்னைத் திட்ட அவருக்கு மாலையில்தான் நேரம் கிடைக்கிறது. அம்மா உடம்பளவில் நலம், என்னளவில் நலமில்லை. உங்கள் நலத்தை வியாழக்கிழமை போனிலேயே தெரிந்துகொண்டேன். திருச்சியிலிருந்து கத்தி, போன் இல்லாமலே கேட்கிற அளவுக்கு ஒருவருக்கு நுரையீரல் இருந்தால் அவருக்கு ஒரு குறையும் இருக்க முடியாது. மாமிக்கு முழங்கால் வலி தேவலையா?

"டேய் பிரசாதம், போன்ல நீ வழவழன்னு மழுப்புவே. உக்காந்து எழுது. எழுதினா பொய் தெரிஞ்சுடும்" என்று சொன்னீர்கள். அம்மாவும் என் போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டதால் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா எனக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்ததன் பலனை இப்போது நீங்கள் அனுபவிக்கப் போகிறீர்கள்.

அம்மா உங்களிடம் சொன்னது இது: "பிள்ளை ஸ்கூல்ல கேள்வித்தாளை லீக் பண்ணி மாட்டிக்கிட்டான்." இதில் பிள்ளை என்பது சரி. ஸ்கூல் என்பது சரி. மாட்டிக்கிட்டான் என்பது மிகவும் சரி. லீக் என்பது மட்டும்தான் தவறு. நான் எதையும் லீக் பண்ணவில்லை. லீக் ஆகாத ஒன்றை லீக் ஆனதாகச் சொன்னேன். என் குற்றம் திருட்டு அல்ல, போலி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அம்மாவிடம் விளக்கப் போய்த்தான் தோசைக்கரண்டியின் நீளம் எவ்வளவு என்று தெரிந்தது.

முதலில் நூர் முகமதுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்து கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவன். அப்பா செகந்திராபாத் ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறார். அவன் பேசுவது எங்கள் ஊர் ஹிந்தி. உங்களுக்காக நான் தமிழில் போட்டுத் தருகிறேன். 'யார்' என்று அவன் முடித்தால் அது கேள்வி இல்லை, நம் 'மச்சான்' மாதிரி. 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். ஆனால் வேண்டாம் என்பதைவிட நக்கோவில் வேண்டாமை கொஞ்சம் கூடுதல் என்பதால் அதை அப்படியே விட்டுவிடுகிறேன். பரீட்சைத் தாளை நூர் மாதிரி அழகாக ஆரம்பிக்கிற ஆள் இந்தத் தெலங்கானாவிலேயே கிடையாது மாமா. மூன்று கலரில் மார்ஜின் போடுவான். பெயர், நம்பர், தேதி எல்லாம் முத்து முத்தாக இருக்கும். 'விடை' என்று எழுதி இரண்டு கோடு போடுவான். அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. அரை மணி நேரம் முடிந்து மணி அடித்ததும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவான். போன பரீட்சையில் கணக்கில் எண்பதுக்கு ஆறு. அந்த ஆறும் சுத்தத்துக்காகப் போட்டது என்று எங்கள் கணக்கு டீச்சர் பூர்ணா மேடமே சொன்னார்.

அவன் மக்கு இல்லை. அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு தடவை அவன் ஒரு பாடத்தை உட்கார்ந்து உருப்போட்டான். அதிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. அடுத்த தடவை வேறு பாடம். அதுவும் வரவில்லை. மூன்றாம் தடவையும் அப்படியே ஆனதும் கிளாஸுக்கே விஷயம் பரவிவிட்டது. அன்றிலிருந்து பரீட்சை நெருங்கினாலே எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஃபர்ஸ்ட் ரேங்க் சாய்குமார் உள்பட எல்லாரும் நூரிடம் வந்து, "நூர் பாய், நீ எதைப் படிச்சே?" என்று கேட்பார்கள். அவன் சொன்னதும் அந்தப் பாடத்தை மூடி வைத்துவிட்டு மற்றதைப் படிப்பார்கள். முதலில் இது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. நானும் கேட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் அவன், "நான் இனிமே படிக்கலை யார். நான் படிச்சா அந்தப் பாடத்தைப் படிச்ச மத்தவங்களுக்கும் வராமப் போயிடுது. எதுக்கு எல்லார் வயித்தெரிச்சலையும் வாங்கிக்கணும்?" என்றான். கிண்டலாகச் சொல்கிறானோ என்று பார்த்தேன். இல்லை. ஊர் நன்மைக்காகப் படிப்பை விட்டவன் மாதிரி ரொம்ப அமைதியாகச் சொன்னான்.

இப்படி இருக்கும்போது தசரா லீவு முடிந்து ஸ்கூல் திறந்த அன்று எங்கள் ஹெட்மாஸ்டர் வரதராஜன் சார் பத்தாம் வகுப்புக்குள் வந்தார். இவர் தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். மற்றவர்களை இங்கிலீஷில் திட்டுவார், என்னை மட்டும் தமிழில் திட்டுவார். தாய்மொழி தெரிந்ததால் நான் அடைந்த நஷ்டங்களில் இது முதன்மையானது. எங்கள் ஸ்கூல் வாசலில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் போர்டு இருக்கிறது. 'பதினோரு ஆண்டுகளாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று போட்டிருக்கும். அந்த நூறு எப்படி வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "இந்த அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் எண்பதுக்கு இருபத்தெட்டு வாங்காதவர்கள் பெயர் நம் ஸ்கூல் பட்டியலில் போர்டு பரீட்சைக்குப் போகாது. அவர்கள் ஓப்பன் ஸ்கூலில் கட்டி எழுதிக்கொள்ளலாம்" என்றார். அதாவது தேறாதவர்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டால் தேறுகிறவர்கள் நூற்றுக்கு நூறு. கணக்கு வரவில்லை என்று எங்களை... அவர்களைச் சொல்கிறார்கள், ஆனால் சாரின் கணக்கைப் பாருங்கள் மாமா. பிறகு எட்டுப் பேரின் பெயரை வாசித்தார். முதல் பெயர் நூர் முகமது. இந்த எட்டுப் பேரும் தினமும் நாலரை மணிக்கு நின்று தனி வகுப்பில் உட்கார வேண்டும் என்றார். அதற்கு 'கேர் பேட்ச்' என்று பெயர். நூருக்குத் துணையாக நானும் அதில் உட்காருவது என்று ஆயிற்று.

நூர் இதற்குக் கோபப்பட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அவன், "ஹவ் யார், நல்லதுதான். நாச்சாரத்துல சித்தப்பாவோட பட்டறை இருக்கு. பேக்கிங்குக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்கார். நவம்பர்லயே போயிடறேன்" என்றான். அடுத்த நாள் அவனிடம் காம்பஸ் கேட்டேன். இல்லை என்றான். ஜாமெட்ரி பாக்ஸை ஆறாவது படிக்கிற தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டானாம். பரீட்சை இன்னும் நடக்கவே இல்லை மாமா. அதற்குள் பாக்ஸைக் கொடுத்துவிட்டான். அன்று மத்தியானம் மூலைக்கடை சமோசா எனக்கு இறங்கவில்லை. நான் சமோசாவை மிச்சம் வைத்தேன் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரியும்.

ஸ்கூலும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கேர் பேட்சுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதற்காகக் கொண்டாப்பூரிலிருந்து கோட்டு போட்ட ஒருவரை வரவழைத்தார்கள். அவர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, 'நான்தான் டாப்பர்' என்று இருபத்தொரு தடவை கத்தச் சொன்னார். பதினைந்தாவது தடவையில் பக்கத்து வகுப்பிலிருந்து சாய்குமார் வந்து, "என்னைக் கூப்பிட்டீங்களா சார்?" என்று எட்டிப் பார்த்தான். பிறகு ஆளுக்கு ஒரு பலூன் கொடுத்து, அதில் தங்கள் பயத்தை எழுதி, ஊதி, குத்தி உடைக்கச் சொன்னார். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன், துணைக்கு. எங்கள் பேட்சில் ஹர்ஷிதா என்று ஒரு பெண் இருக்கிறாள். தெரிந்த பதிலைக்கூடக் கேள்வியாகத்தான் சொல்வாள். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்றால், "மேடம், நாலு?" என்பாள். அவளுக்குப் பலூன் வெடிக்கிற சத்தமே பயம் என்பதால் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டாள். நூர் தன் பலூனில் 'பூர்ணா மேடம்' என்று எழுதியிருந்தான். மேடம் அவனுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். பலூன் எவ்வளவு குத்தியும் உடையவில்லை. மேடம் அதை வாங்கிப் பார்த்து, "எழுத்து அழகா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "ஏன்டா, நிஜமாவே உனக்குப் படிக்க வராதா?" என்று கேட்டேன். "வராதுன்னு இல்லை யார். நான் படிக்கிறது பேப்பர்ல வராது. நான் படிக்கிறதுதான் பேப்பர்ல வரும்னு யாராவது எழுதிக் குடுத்தா இன்னைக்கே உக்காந்து படிப்பேன். எதுக்குப் படிக்கணும், வராததை?" என்றான். மாமா, என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது இந்த இடத்தில்தான். போன வருஷம் இடைவேளை மணியைப் பத்து நிமிஷம் முன்னால் அடிக்க வைத்தேனே, அப்போது எரிந்த அதே விளக்கு. அவன் தன்னை நம்ப மாட்டான். என்னையும் நம்ப மாட்டான். ஆனால் லீக் ஆன கேள்வித்தாளை நம்பாத மாணவன் இந்த உலகத்தில் இல்லை.

அப்பாவின் லேப்டாப்பில் எங்கள் ஸ்கூல் சின்னம், 'நேரம்: மூன்று மணி', 'மதிப்பெண்: 80' எல்லாம் அச்சு அசலாகப் போட்டு ஒரு கேள்வித்தாள் செய்தேன். முதலில் எனக்குத் தெரிந்த கணக்காகப் போட்டேன். நூரிடம், "ஆபீஸ் ரூம்ல கிடைச்சுது. யார்கிட்டயும் சொல்லாதே" என்று கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டு, "நக்கோ யார். இது ஆறாம் கிளாஸ் பேப்பர். பூர்ணா மேடம் இவ்வளவு நல்லவங்க இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். கல்லூரி வரைக்கும் படித்த அப்பாவே அந்தத் தாளை அசல் என்று நினைத்தார். நூர் நினைக்கவில்லை. "அது டம்மி. அசலை நாளைக்குத் தர்றேன்" என்று சமாளித்தேன். இப்போது பிரச்சினை என்னவென்றால், கஷ்டமான கணக்கு கேட்க வேண்டுமானால் அந்தக் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடையே இல்லாத கேள்வியைப் போட்டால் மாட்டிக்கொள்வோம். ஆகவே அன்றுதான் முதல் முதலாகக் கணக்குப் புத்தகத்தை முழுசாகத் திறந்தேன். ஜூனில் வாங்கிய புத்தகம், அக்டோபரில் முதுகு கடக் என்று சத்தம் போட்டது. அம்மா சமையலறையிலிருந்து, "என்னடா உடைச்சே?" என்றாள்.

நான்கு நாள் மாமா, நான்கு நாள். ஒவ்வொரு கணக்கையும் நானே போட்டுப் பார்த்து, விடை வருகிறதா என்று சரிபார்த்து, எண்களை மாற்றி மறுபடி போட்டு, ஒரு கேள்வித்தாள் செய்வது ஒரு பரீட்சை எழுதுவதைவிட ஐந்து மடங்கு வேலை என்று கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் புத்தகத்திலிருந்தே எடுத்தால் சந்தேகம் வரும் என்று மூன்றாவது கணக்கை மட்டும் சொந்தச் சரக்காகப் போட்டேன். 'ஒரு தந்தையின் வயது இப்போது மகன் வயதைப்போல் மூன்று மடங்கு. ஐந்து வருடங்களுக்குப் பிறகு அது நான்கு மடங்காக இருக்கும். இருவர் வயதும் என்ன?' கேட்கும்போதே எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது பாருங்கள். அது ரொம்பத் தெளிவாக இருந்ததால் அதை மட்டும் நான் போட்டுப் பார்க்கவில்லை. இந்தத் தடவை நூர் தாளைப் பார்த்தான், இரண்டு தடவை புரட்டினான், நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். "ஹவ். இது மேடம்தான்" என்றான்.

யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதால் இரண்டே நாளில் கேர் பேட்ச் முழுவதும் அந்தத் தாள் இருந்தது. ஒவ்வொருவரும் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று காட்டிக்கொண்டார்கள். நாலரை மணி வகுப்பில் எட்டு டெஸ்குக்கு அடியில் எட்டுத் தாள். ஹர்ஷிதா கையைத் தூக்கி, "மேடம், சும்மா ஒரு பேச்சுக்கு, ஒரு கோபுரத்தோட நிழல் நாற்பது மீட்டர் கூடினா எப்படிப் போடறது?" என்று கேட்டாள். மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஜூனிலிருந்து அந்த வகுப்பில் யாரும் கேட்ட முதல் சந்தேகம் அதுதான். போர்டு நிறையப் போட்டுக் காட்டினார். முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவன், "மேடம், எனக்கும் சும்மா ஒரு பேச்சுக்கு, அந்தக் கோபுரம் அறுபது டிகிரியா இருந்தா?" என்றான். அடுத்தவனும் கோபுரம். அதற்கடுத்தவளும் கோபுரம். மேடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏன், எல்லாரும் சேர்ந்து கோபுரம் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்கு வாட்ச்மேன் வந்து கேட்டைப் பூட்ட வேண்டும் என்று கெஞ்சும் நிலை வந்தது. மூன்றாவது கணக்கைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கிறேன் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அத்தோடு நின்றிருந்தால் சரி. அடுத்த வாரம் நூர் வந்து, "ஹர்ஷிதா சொல்றா, ஸ்கூல்ல எப்பவும் மூணு செட் பேப்பர் தயார் பண்ணி வெச்சிருப்பாங்களாம். உனக்கு ஒரு செட்தான் கிடைச்சுதா?" என்று கேட்டான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் என்ன செய்ய? மறுபடி புத்தகம், மறுபடி லேப்டாப். முதல் செட்டில் விட்டுப்போன பாடங்கள் எல்லாம் இரண்டாவது செட்டில் வந்தன. அதிலும் விட்டுப்போனவை மூன்றாவதில். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் புத்தகத்தில் மிச்சம் இருந்தது அட்டை மட்டும்தான். நான் அலுத்துப்போய், "போதும்டா, மிச்சம் வராது" என்றால், நூர், "நக்கோ யார், புள்ளியியல் ஒண்ணு கூட இல்லையே, மேடம் விடுவாங்களா?" என்பான். லீக் ஆன கேள்வித்தாளில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற வாடிக்கையாளரை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா மாமா?

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாய்குமார் வழக்கம்போல நூரிடம் வந்து, "நூர் பாய், எதைப் படிச்சே?" என்று கேட்டான். நூர், "எல்லாத்தையும்" என்றான். பாவம் சாய்குமார், ஆடிப்போய்விட்டான். எல்லாவற்றையும் நூர் படித்துவிட்டால் அவன் எதைத்தான் படிப்பது? இதில் ஏதோ இருக்கிறது என்று நூரின் பைக்குள் கையை விட்டு மூன்று தாளையும் எடுத்து நேரே ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடினான். கால் மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். இப்படி ஒரு காரியம் நடந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதில் எங்கள் ஸ்கூலில் யாருக்கும் குழப்பம் இருந்ததே கிடையாது.

வரதராஜன் சார் தமிழில் ஆரம்பித்தார். "நீயே..." என்று தொடங்கி அவர் சொன்ன ஒரு நீளமான வாக்கியத்தை இடம் போதாமையால் இங்கே விடுகிறேன். பூர்ணா மேடம் மூன்று செட்டையும் மேசையில் பரப்பி நிதானமாகப் பார்த்தார். பிறகு, "சார், இது என் பேப்பர் இல்லை. ஒரு கணக்கு கூட இல்லை" என்றார். சார் என்னைப் பார்த்தார். "அப்ப இது போலி. சரி. இப்பவே வந்து கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் போலின்னு சொல்லு. விட்டுடறேன்" என்றார். அப்போதுதான் அறைக்கு வெளியே கதவு ஓரமாக நூரின் செருப்பு வந்து நின்றது. அவன் அங்கேதான் நின்றான். போலி என்று சொன்னால் நான் தப்பித்தேன். ஆனால் மூன்று வாரம் படித்தது ஒன்றும் வராது என்று பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மார்ஜின், பெயர், இரண்டு கோடு, அரை மணி நேரம், நாச்சாரம். அசல் என்று சொன்னால் எனக்கு டி.சி. நான், "சொல்ல மாட்டேன் சார்" என்றேன். "எதைச் சொல்ல மாட்டே?" "எதையும் சொல்ல மாட்டேன் சார்." வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டதற்காகத் தண்டனை வாங்கியது இந்த ஒரு தடவைதான். பரீட்சை நாள்கள் தவிர ஒரு வாரம் சஸ்பெண்ட். அதற்குத்தான் அம்மா உங்களுக்குப் போன் போட்டாள்.

நான் வெளியே வரும்போது பூர்ணா மேடமும் கூட வந்தார். வராந்தாவில் கேர் பேட்ச் மொத்தமும் நின்றது. ஹர்ஷிதா, "மேடம், பேப்பரை மாத்திடுவீங்களா?" என்று கேட்டாள். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "நான் போட்ட பேப்பர் போட்டதுதான். மாத்த மாட்டேன்" என்றார். எட்டுப் பேருக்கும் மூச்சு வந்தது. மாமா, நான் இத்தனை வருஷமாகச் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, மேடம் சொன்ன அந்த ஓர் உண்மையை இன்னொரு தட்டில் வைத்தாலும் என்னுடையது மேலே போய்விடும். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பரீட்சை அன்று கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். நான் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். மேடம் சொன்னது சரிதான், என் தாளில் இருந்த ஒரு கணக்கும் இல்லை. கோபுரம்கூட இல்லை, கலங்கரை விளக்கம்தான் இருந்தது. நான் நூரைத் திரும்பிப் பார்த்தேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கலர் பேனா எதையும் எடுக்கவில்லை. தலை குனிந்தது. எழுதுகிறானா, மார்ஜின் போடுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. என் தாளில் நான் என்ன எழுதினேன் என்றுகூட எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை. அரை மணி நேர மணி அடித்தது. நூர் எழுந்து நின்றான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கண்காணிக்க வந்தவர் பழக்கதோஷத்தில் அவன் தாளை வாங்கக் கையை நீட்டினார். நூர் ஏதோ சொன்னான். அவர், "என்ன?" என்றார். அவன் மறுபடி சொன்னான். அவர் நம்பாமல் அவன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேசைக்குப் போய், நூல் கட்டிய அடிஷனல் ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வெளியே வந்ததும் அடி விழும் என்று கொஞ்சம் தள்ளியே நின்றேன். நூர் பேனாவை மூடிக்கொண்டே, "உன் பேப்பர்ல இருந்து ஒண்ணும் வரலை யார்" என்றான். கோபமே இல்லை. "அப்புறம் எப்படிடா எழுதினே?" என்று கேட்டேன். "எல்லாம் அதே ஆளுங்கதான். சட்டையை மாத்திட்டு வந்திருக்காங்க. மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?" என்றான். ஹர்ஷிதா பின்னால் வந்து, "எனக்கு முப்பத்தெட்டுக்கு மேல வரும்" என்றாள். கேள்விக்குறி இல்லை.

ஹர்ஷிதாவுக்கு முப்பத்தொன்பது. நூருக்கு முப்பத்து நான்கு. எட்டுப் பேரில் ஏழு பேர் தாண்டிவிட்டார்கள். எட்டாவது ஆளுக்கு அம்மை போட்டு அவன் பரீட்சைக்கே வரவில்லை, அவனுக்கு மட்டும் அடுத்த வாரம் தனியாக வைக்கிறார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு, அது இந்தக் கடிதத்தின் விஷயம் அல்ல. போர்டுக்குப் போகிற பட்டியலை நேற்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நூர் மூன்று தடவை போய்த் தன் பெயரைப் பார்த்துவிட்டு வந்தான். எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனானாம். மாலையில் ஜாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் கேட்டதற்கு அவன் தங்கச்சி, கொடுத்தது கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டாள். காம்பஸ் மட்டும் வாங்கி வந்திருக்கிறான், அதுவும் இரண்டு கலர் பேனாவுக்கு மாற்றாக.

வரதராஜன் சார் என் தண்டனையை மாற்றி எழுதிவிட்டார். போலிக் கேள்வித்தாள் செய்த குற்றத்துக்காக மார்ச் வரை வாரம் ஓர் அசல் மாதிரித்தாள் நான் கேர் பேட்சுக்குச் செய்து தர வேண்டும், பூர்ணா மேடம் அதைத் திருத்துவார். குற்றம் எதுவோ அதுவே தண்டனை. இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

ஆகவே மாமா, நடந்தது இவ்வளவுதான். ஒரு நண்பனுக்கு நம்பிக்கை வரட்டும் என்று அவனை ஏமாற்றினேன். அவனும் ஏமாந்தான், தேறினான். இதற்காக எனக்கு மெடல் வேண்டாம். அரிசி டின்னிலிருந்து போனை எடுத்துத் தரும்படி அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது ஒலிக்கும்போதெல்லாம் அரிசி அதிர்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மாமிக்கு என் வணக்கம், அவர்கள் முழங்காலுக்கும். உங்கள் ஆசீர்வாதத்தை இந்த முறை தாழ்ந்த குரலில் எதிர்பார்க்கும்,

கிருஷ்ணபிரசாத்
(உங்களுக்கு மட்டும் பிரசாதம்)

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் நூர் வந்தான். அவனைப் பற்றி எழுதியிருக்கிறேனே, அவனுக்கும் தெரியட்டும் என்று முழுக் கடிதத்தையும் ஹிந்தியில் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் சும்மா இருந்தவன் மூன்றாவது கணக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். "அதைப் போட்டுப் பாரு" என்றான். போட்டேன். மகனுக்கு மைனஸ் பதினைந்து வயது, அப்பாவுக்கு மைனஸ் நாற்பத்தைந்து. அதாவது மகன் பிறக்கவே இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது, அதற்கும் முப்பது வருஷம் கழித்துத்தான் அப்பா பிறப்பார். நூர் அதைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தானாம், தப்பு தன்னுடையது என்று நினைத்து. அப்புறம் ஹர்ஷிதா போட்டிருக்கிறாள். அவளுக்கும் அதே. "அப்பதான் தெரிஞ்சுது யார், மேடம் இப்படித் தப்பு பண்ண மாட்டாங்க, இது நீதான்னு. ஆனா வாழ்க்கையில முதல் தடவையா ஒரு கணக்குல தப்பு என்மேல இல்லை. அதுக்கப்புறம் மத்த கணக்கையும் போட்டுப் பார்க்கணும்னு இருந்துச்சு" என்றான். "தெரிஞ்சும் ஏன்டா ரெண்டாவது செட், மூணாவது செட்னு கேட்டே?" என்றேன். "பின்னே? நீ எங்களை ஏமாத்தறதா நினைச்சு ஒழுங்கா உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தே. அதை ஏன் கெடுக்கணும்? புள்ளியியல் நீ தொடவே இல்லைன்னு ஹர்ஷிதாதான் சொன்னா." பிறகு கடிதத்தைக் கையில் வாங்கி, தமிழ் தெரியாதவன், எங்கே என்று தேடுகிற மாதிரி பார்த்துவிட்டு, "எட்டுப் பேருன்னு ஏன் எழுதினே? சார் ஒன்பது பேர் இல்லை வாசிச்சார்?" என்று கேட்டான்.

ஒன்பதாவது பெயர் என்னுடையது மாமா. போன பரீட்சையில் எனக்குப் பத்தொன்பது. எழுதினால் பொய் தெரிந்துவிடும் என்று சொன்னீர்கள், தெரிந்துவிட்டது. மறுபடி முழுசாக எழுதக் கை வலிப்பதால், மேலே 'துணைக்கு' என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, 'நான் அவனுக்கு' என்று படித்ததையெல்லாம் 'அவன் எனக்கு' என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். போன் அரிசியிலேயே இருக்கட்டும்.